உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி பாதியில் நிற்கிறதா? அது நிற்கும் விதத்தை முதலில் கவனியுங்கள்

பாதிப் புல் வெட்டியாயிற்று. மீதி அப்படியே இருக்க, நடுவில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார்கள். அதில் சரியாகவில்லை என்றால் ஏர் ஃபில்டர், அப்புறம் புதிய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம்). நானும் ஒருமுறை அப்படித்தான் இரண்டு நாள் முழுக்க கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு பெட்ரோல் டேங்க் மூடியில் இருந்தது.

ஒவ்வொரு கோளாறும் இன்ஜினை ஒரு தனி விதத்தில் நிறுத்தும். அந்த விதத்தைக் கவனித்துவிட்டால் கையில் எடுக்க வேண்டிய ஸ்பேனர் எது என்பது பாதி தெரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் படியில் எதையும் கழற்றப்போவதில்லை.

கை வைப்பதற்கு முன்

வண்டியைத் திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்தி பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எதையாவது கழற்றுவதாக இருந்தால் சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள். மின் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பெட்ரோல் டியூபைக் கழற்றும் வேலையை இன்ஜின் ஆறிய பிறகே செய்யுங்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர், பிளக்குக்கும் வயருக்கும் இடையில் மாட்டும் ஸ்பார்க் டெஸ்டர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கண்ணாடி பாட்டில் ஒன்று. இவை இருந்தால் போதும்.

படி 1: எப்படி நிற்கிறது, எப்போது நிற்கிறது

சத்தத்தைக் கேளுங்கள். வேகம் ஏறி இறங்கி, இருமி, திணறி, சில நொடிகள் இழுத்துக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. சாவியைத் திருப்பி அணைத்தது போல டக்கென்று நின்றால் மின்சாரக் கோளாறு. அதாவது பாதுகாப்பு ஸ்விட்ச், வயர், அல்லது பொறியை உண்டாக்கும் இக்னிஷன் காயில்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பல இன்ஜின்களில் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோலைத் தடுக்கும் சொலினாய்டு (மின்காந்த வால்வு) ஒன்று இருக்கும். அதற்கு 12 வோல்ட் வராவிட்டால் அதன் ஊசி மேலே எழும்பி மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையை) அடைத்துவிடும். கோளாறு மின்சாரத்தில், ஆனால் இன்ஜின் பெட்ரோல் தீர்ந்தது போல நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து நேரம். இதற்கு ஒரு சின்னப் பட்டியல்:

- ஸ்டார்ட் ஆகி சில நொடிகளில் நிற்கிறது: அடைபட்ட ஜெட், பழைய பெட்ரோல், அல்லது சொலினாய்டு.
- 15 முதல் 30 நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறது: டேங்க் மூடி, சூடேறினால் செத்துப்போகும் காயில், அல்லது அதிகச் சூடு.
- பிளேடைப் போட்டதும் நிற்கிறது: சீட் ஸ்விட்ச் (ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பது), பிளேடு கிளட்ச் (இன்ஜினோடு பிளேடை இணைப்பது), அல்லது பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கில் ஏதோ சிக்கியிருக்கிறது.
- பிரேக் பெடலில் இருந்து காலை எடுத்ததும் நிற்கிறது: ஏறக்குறைய எப்போதும் சீட் ஸ்விட்ச்.
- மேடு பள்ளத்தில் குலுங்கும்போது நிற்கிறது: சீட் ஸ்விட்ச் அல்லது தளர்ந்த வயர்.
- வேகத்தைக் குறைத்தால் மட்டும் நிற்கிறது, முழு வேகத்தில் ஓடுகிறது: ஐடில் (மிகக் குறைந்த வேக) ஜெட் அடைப்பு, அல்லது ஐடில் வேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது.
- ரிவர்ஸ் எடுத்தால் மட்டும், அதுவும் பிளேடு சுற்றும்போது மட்டும் நிற்கிறது: இது கோளாறே இல்லை. பல மாடல்களை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

நின்ற உடனே என்ன நடக்கிறது என்பதும் துப்புதான். உடனே ஸ்டார்ட் ஆகிறதா, அரை மணி நேரம் ஆறிய பிறகுதான் ஆகிறதா, டேங்க் மூடியைத் திறந்ததும் ஆகிறதா? இரண்டு மூன்று முறை நிற்க விட்டு, இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெட்ரோல் வரும் பாதை

திணறித்தான் நிற்கிறது என்றால் டேங்கில் தொடங்கி கார்புரேட்டர் வரை வரிசையாகப் போங்கள். பலர் தலைகீழாக, கார்புரேட்டரில் தொடங்குகிறார்கள்.

*மூடி.* டேங்கில் இருந்து பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு நுண்துளை இருக்கும் (சில வண்டிகளில் அதற்குத் தனி டியூப் உண்டு). தூசியும் புல்லும் அதை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் வருவது மெல்ல மெல்ல நின்றுபோகும். இன்ஜின் நின்ற உடனே மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அடுத்த ஸ்டார்ட்டில் நன்றாக ஓடினால் வேலை முடிந்தது. துளையைச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் மூடியை மாற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தே ஓட்டலாமே என்று யோசிக்க வேண்டாம். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் தளும்பும்.

*பெட்ரோல்.* 30 நாள் தாண்டினாலே பெட்ரோல் பழசாகத் தொடங்கிவிடும். எத்தனால் கலந்தது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், இன்ஜின் முதலில் குடிப்பதும் அதைத்தான். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கோ நீர்க்குமிழ்களோ தெரிந்தால், அல்லது புளித்த வார்னிஷ் வாடை அடித்தால், முழுவதையும் வடித்துவிடுங்கள். புதியதை மேலே ஊற்றி நிரப்புவதால் பயனில்லை. பெரும்பாலான புல்வெட்டி இன்ஜின்கள் 10 சதவீதம் வரை எத்தனாலுக்குத்தான் அனுமதி பெற்றவை. அதற்கு மேல் கலந்ததை ஊற்றினால் ரப்பர் பாகங்களும் கெடும், எரிகலவையும் மெலியும்.

*டேங்கின் வாய்.* இது ஒரு கள்ளக் கோளாறு. டேங்கில் விழுந்த ஒரு புல் துணுக்கு அல்லது ஆயில் டப்பாவின் சீல் காகிதம் மிதந்து வந்து பெட்ரோல் வெளியேறும் துளையில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நிற்கும், உறிஞ்சுவது நின்றதும் துணுக்கு விலகிவிடும். நீங்கள் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும்! டார்ச் அடித்து டேங்கின் உள்ளே பாருங்கள்.

*ஃபில்டரும் டியூபும்.* ஃபில்டர் மலிவானது, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். அதில் உள்ள அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ரப்பர் டியூப் உள்ளே உரிந்து பாதையை அடைத்திருக்கும். வெடிப்பு இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

*பம்ப்.* டேங்க் கார்புரேட்டரை விடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் பெட்ரோலைத் தூக்க ஒரு பம்ப் தேவை. பல வண்டிகளில் அதற்கு மோட்டார் இருக்காது. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதால் உண்டாகும் அழுத்த மாற்றம் ஒரு மெல்லிய டியூப் வழியாக வந்து பம்பின் சவ்வை அசைக்கும். அந்த டியூப் வெடித்திருந்தாலோ சவ்வு கிழிந்திருந்தாலோ பெட்ரோல் போதாமல் போகும். சோதிக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக் வயரைப் பிடுங்கி அதன் நுனியை இன்ஜின் உடம்பில் படும்படி பொருத்துங்கள். கார்புரேட்டர் பக்கத்து டியூபைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பிலோ அதற்கு முன்னாலோதான் தடை. பம்ப் இல்லாத வண்டி என்றால் டியூபைக் கழற்றிய உடனே தானாகச் சீராக ஓட வேண்டும்.

*கார்புரேட்டர்.* பெட்ரோல் இதுவரை நன்றாக வருகிறது, ஆனாலும் இன்ஜின் ஏறி இறங்கி ஓடி நிற்கிறது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். அப்போது சீராக ஓடினால் எரிகலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது ஜெட் அடைபட்டிருக்கிறது. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகி கறும்புகை வந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம்.

கழற்றுவதற்கு முன் போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை. ஒரு துளை மாறி மாட்டினால் வேகம் தறிகெட்டு ஆடும். பல கார்புரேட்டர்களில் முழுவதையும் கழற்றவே தேவையில்லை. பெட்ரோல் வால்வை மூடி (வால்வு இல்லாவிட்டால் டியூபைக் கிளிப்பால் நசுக்கி), அடியில் உள்ள போல்டையோ சொலினாய்டையோ கழற்றினால் பெட்ரோல் தங்கும் கிண்ணம் கையோடு வந்துவிடும். கிண்ணத்தில் கிடப்பதைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் படிந்திருந்தால் பழைய பெட்ரோல், உருளும் குமிழ்கள் இருந்தால் தண்ணீர், மணல் போலிருந்தால் ஃபில்டர் வேலை செய்யவில்லை.

மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமான சுத்தமான துளை தெரிய வேண்டும். அடைப்பு எடுக்க, மின் வயரில் இருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். குண்டூசி, டிரில் எல்லாம் பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் அந்த ஜெட் உதவாது. கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொரு துளையிலும் ஸ்ப்ரே அடியுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொன்றில் வெளிவர வேண்டும். வெளியே வராத துளைதான் உங்கள் எதிரி. ரப்பர் வாஷர்களையும் கேஸ்கெட்டுகளையும் ஸ்ப்ரே படாமல் தள்ளி வையுங்கள். கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் அளவைக் காக்கும் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. மாட்டும்போது போல்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்க வேண்டாம், மெல்லிய அலுமினியம் மரை போய்விடும்.

இன்னொன்று. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால் ஃப்ளோட்டின் ஊசி மூடாமல் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. ஊசியையும் ஆயிலையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

படி 3: காற்றும் பிளக்கும்

இதில் அதிக நேரம் போகாது. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட விடுங்கள். நன்றாக ஓடினால் ஃபில்டர்தான் காரணம். மேலே இருக்கும் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைக்கலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, கம்ப்ரெஸர் காற்றும் அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. இடைவெளி பல இன்ஜின்களில் 0.76 மி.மீ.; உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

படி 4: டக்கென்று நின்றால்

இந்த இன்ஜின்களில் பொறியை உண்டாக்குவது பேட்டரி அல்ல. இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் உள்ள காந்தமும் அதன் அருகே உள்ள காயிலும் சேர்ந்து உண்டாக்குகின்றன. இன்ஜினை நிறுத்த, காயிலில் இருந்து வரும் ஒரு மெல்லிய வயரை வண்டியின் உடம்போடு சேர்ப்பார்கள், பொறி நின்றுவிடும். சாவியும், பெரும்பாலான வண்டிகளில் பாதுகாப்பு ஸ்விட்சுகளும் இந்த ஒரு வயரைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் அந்த வயர் எங்கேயாவது உரசித் தோல் போய் இரும்பில் பட்டாலும் இன்ஜின் நிற்கும்.

முதலில் சீட் ஸ்விட்ச். பிளேடு போடாமல் பிரேக்கை அழுத்தியிருக்கும்போது சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடலாம் என்றே சர்க்யூட் அமைத்திருப்பார்கள். காலை எடுத்த நொடியில் சீட் ஸ்விட்சின் பேச்சு செல்லுபடியாகத் தொடங்கும். அதனால்தான் பெடலை விட்டதும் நிற்பது அவ்வளவு தெளிவான அடையாளம். சீட்டைத் தூக்கிக் கனெக்டரைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? சாவியை எடுத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (மின்பாதை இணைந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து ஸ்விட்சைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நிலை தெளிவாக மாற வேண்டும். சில சமயம் ஸ்விட்ச் நன்றாக இருக்கும், சீட்டின் ஸ்பிரிங்கோ உடைந்த அடித்தட்டோ அதை முழுதாக அழுத்தாது. எடை குறைவானவர் ஓட்டும்போது மட்டும் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்விட்சை வயர் போட்டு நேரடியாக இணைத்துவிடுங்கள் என்று சொல்ல யாராவது கட்டாயம் வருவார்கள். கேட்காதீர்கள். நீங்கள் தவறி விழும்போது பிளேடை நிறுத்துவது அந்த ஸ்விட்ச் மட்டும்தான். பிரேக் ஸ்விட்சையும் பிளேடு ஸ்விட்சையும் அதே முறையில் மீட்டரால் சோதியுங்கள்.

எல்லா ஸ்விட்சும் சரி, ஆனாலும் நிற்கிறது என்றால் காயிலின் நிறுத்த வயரைக் காயிலில் இருந்து தற்காலிகமாகப் பிரித்து, பிளேடு போடாமல், பிரேக் போட்ட நிலையில் ஓட விடுங்கள். இப்போது நிற்காமல் ஓடினால் கோளாறு வயரிங்கில் எங்கேயோ. அப்படியும் நின்றால் காயிலைச் சந்தேகப்படலாம். இந்தச் சோதனையின்போது சாவியைத் திருப்பினாலும் பொறி நிற்காது. சொலினாய்டு இருந்தால் அது அணைக்கும், இல்லாவிட்டால் சோக்கை முழுதாக மூடி அணைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். சோதனை முடிந்ததும் வயரைத் திரும்ப மாட்டுங்கள்.

காயில் குளிரில் நல்ல பிள்ளை. சூடேறியதும் உள்ளே சுற்று விட்டுப்போய் பொறி வராது, ஆறினால் மறுபடி வரும். எனவே ஆறிய காயிலை மீட்டரால் அளந்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்பார்க் டெஸ்டரை மாட்டியே ஓட்டி, நின்ற அந்த நிமிடமே ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். அப்போது பொறி இல்லை, அரை மணி நேரம் கழித்து இருக்கிறது என்றால் காயிலை மாற்றலாம். மாட்டும்போது காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் உள்ள இடைவெளி பல இன்ஜின்களில் 0.25 முதல் 0.36 மி.மீ. வரை, சரியான அளவு கையேட்டில் இருக்கும். பெரும்பாலான இரட்டை சிலிண்டர் இன்ஜின்களில் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்று போனால் இன்ஜின் முழுதாக நிற்காது, பலமிழந்து ஓடி, உயரமான புல்லில் மட்டும் நிற்கும்.

இப்போது அந்த சொலினாய்டு. சாவியை ஆன் செய்ததும் கார்புரேட்டரின் அடியில் டிக் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது, டிக் இல்லை என்றால் சொலினாய்டு போய்விட்டது. வோல்ட் வரவில்லை என்றால் பியூஸ், வயர், சாவி ஸ்விட்ச். பேட்டரியும் சார்ஜிங்கும் பலவீனமாக இருந்தாலும் இதே கதைதான். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரி மெல்லக் காலியாகி, கடைசியில் சொலினாய்டைத் திறந்து வைக்கும் பலம்கூட இல்லாமல் இன்ஜின் திணறி நிற்கும். பெட்ரோல் கோளாறு என்று நீங்கள் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

படி 5: பிளேடு போட்டால் மட்டும்

சாவியை எடுத்து, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, தடித்த கையுறையோடு பிளேடுகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். கரகரவென்று இருந்தால் ஸ்பிண்டில் (பிளேடின் அச்சு) பேரிங், இறுகியிருந்தால் கயிறோ கம்பியோ சுற்றியிருக்கும் அல்லது டெக்கின் அடியில் புல் கெட்டிப்பட்டிருக்கும். எல்லாம் சரி என்றால் மின் கிளட்ச். அதன் சுற்று ஷார்ட் ஆனால் மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுக்கும், வோல்ட் சரியும், சொலினாய்டு மூடும். பிளேடு போடும்போது மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இன்ஜினை எப்போதும் கையேடு சொல்லும் வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே பிளேடைப் போடுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் போட்டால் நல்ல இன்ஜினும் நிற்கலாம்.

படி 6: சூடு, வால்வு, மற்றவை

இன்ஜின் மேல் மூடியைக் கழற்றினால் ஃபிளைவீலின் விசிறியும் சிலிண்டரின் தகடுகளும் தெரியும். அங்கே காய்ந்த புல்லும் எலிக் கூடும் அடைத்திருந்தால் காற்று போகாமல் இன்ஜின் வெந்துபோகும். பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வால்வு இடைவெளி குறைந்துபோன இன்ஜினும் சூடேறியதும் அழுத்தம் இழந்து நிற்கும், ஆறும் வரை ஸ்டார்ட் ஆகாது. ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கையேட்டில் உள்ள அளவும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். கல்லிலோ வேரிலோ பிளேடு மோதிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால், மோதிய வேகத்தில் பெல்ட், ஸ்பிண்டில், அரிதாக ஃபிளைவீலை அச்சில் பிடித்து நிறுத்தும் சாவிக்கட்டை வரை எதுவும் பாதிக்கப்பட்டிருக்கலாம். சிலிண்டர் அழுத்தம் குறைவு, ஹெட் கேஸ்கெட் போய் வெண்புகை என்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். படி 1-இல் எழுதிய தாளையும் கொடுங்கள், அவருக்கு பாதி நாள் மிச்சம்.

கடைசிச் சோதனை

கழற்றியதையெல்லாம் மாட்டிய பிறகு பிளேடு போடாமல் 10 நிமிடம், பிளேடு போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முன்பு எந்த நேரத்தில் நின்றதோ அதைத் தாண்டி ஓட வேண்டும். அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போதே சீட்டில் இருந்து லேசாக எழுந்திருங்கள், கால் இரண்டும் வண்டியிலேயே இருக்கட்டும். இப்போது இன்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சீட்டின் அடியில் எதையோ மாட்ட மறந்துவிட்டீர்கள். அதை மாட்டும் வரை புல்வெளிக்குள் இறங்காதீர்கள்.